ஜோபர்க், டர்பன், கேப்டவுன்: ரயிலா, பஸ்ஸா, விமானமா?

6 ஆகஸ்ட் 2019 (மதுரைக்காரன் கேட்டது)

அண்ணே, தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் (ஜோஹனஸ்பர்க்) பக்கம் சாண்ட்டனுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். செப்டம்பர் 20-லிருந்து பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். நான், மனைவி, அம்மா மூன்று பேர். ஜோபர்க், டர்பன், கேப்டவுன் மூன்றையும் காட்ட வேண்டும், கையில் பணம் அதிகமில்லை. ஆபீஸில் எல்லாரும் ஃப்ளைட் என்கிறார்கள். எனக்கென்னவோ ரயில்தான் எப்போதும் மலிவு, அடுத்து பஸ், வேறு வழியே இல்லையென்றால்தான் விமானம். மூன்று ஊரையும் ரயிலிலேயே முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

6 ஆகஸ்ட் 2019, இரவு

சரியில்லை தம்பி. பதில் அவ்வளவுதான், ஆனால் அம்மா வருகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

நான் டர்பன் பக்கம் டோங்காட்டில் இருக்கும் தவில்காரன். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வருட ஒப்பந்தம் என்று வந்தேன், எட்டு வருடம் ஓடிவிட்டது. ஜோபர்க் பக்கம் லெனேஷியாவில் கும்பாபிஷேகம், பிரிட்டோரியா பக்கம் லாடியத்தில் காவடி, கேப்டவுனில் ரைலண்ட்ஸ், போர்ட் எலிசபெத்தில் மலபார் என்று தமிழ் ஜனம் இருக்கிற இடத்துக்கெல்லாம் கூப்பிடுவார்கள். கமிட்டிக்காரர்கள் பயணப்படி என்று ஒரு மொத்தத் தொகையைக் கையில் வைத்துவிடுவார்கள். அதில் மிச்சம் பிடிப்பது என் சாமர்த்தியம். அதனால் இந்த நாட்டில் எந்த ஊருக்கு எதில் போனால் எவ்வளவு மிஞ்சும் என்பது எனக்குத் தாளக்கணக்கு மாதிரி மனப்பாடம்.

நம் ஊரில் ரயில் மலிவாக இருப்பதற்குக் காரணம், சரக்கு ரயிலில் வரும் காசை வைத்து ஜனங்கள் டிக்கெட்டைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், அப்புறம் மணிக்கொரு வண்டி இருக்கிறது. இங்கே வெளியூர் ரயில் என்பது வாரத்துக்குச் சில நாள்தான். உன் பத்து நாள் லீவை ரயிலுடைய கிழமைக்குத் தகுந்தபடி நீ மடக்கிக்கொள்ள வேண்டும். டர்பனிலிருந்து கேப்டவுனுக்கு ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் மறுபடி ஜோபர்க் வந்துதான் மாற வேண்டும்.

தூரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள். ஜோபர்க்–டர்பன் சாலை வழியாக 570 கிலோமீட்டர், மதுரை–சென்னையைவிட நூறு கூட. ஜோபர்க்–கேப்டவுன் 1,400, அதாவது சென்னையிலிருந்து மும்பைக்குப் போவதைவிட அதிகம். டர்பன்–கேப்டவுன் அதற்கும் மேல். மேப்பில் பார்த்தால் மூன்றும் ஒரு முக்கோணம், அவ்வளவு பக்கத்தில் தெரியும். ஏமாறாதே.

என் யோசனை: ஜோபர்க்கிலிருந்து டர்பனுக்குப் பகல் பஸ். டர்பனிலிருந்து கேப்டவுனுக்கு விமானம். கேப்டவுனிலிருந்து திரும்பவும் விமானம். முடிந்தது.

7 ஆகஸ்ட் 2019

நேற்று எழுதியதில் விலை சொல்லவில்லை. போன மாதம் டர்பன்–ஜோபர்க் பஸ்ஸுக்கு 290 ராண்ட் (இந்த நாட்டுக் காசு) கொடுத்தேன், எட்டு மணி நேரம். அதே வழியில் மே மாதம் விமானத்தில் பெட்டிக்கும் சேர்த்து 640, ஒரு மணி நேரம். பாதிக்குப் பாதி என்று தோன்றுகிறதா? விமானக் கணக்கு இறங்கியதும் முடிவதில்லை. ஜோபர்க் விமான நிலையத்திலிருந்து கௌட்ரெய்ன் என்கிற வேக ரயில் ஏறினால் அந்தக் கால் மணி நேரப் பயணத்துக்கு 160 ராண்டுக்குமேல் போய்விடும், ஊருக்குள் அதே ரயிலில் போவதைவிட விமான நிலையத்துக்குப் போவது ரொம்பக் கூட. அதற்கென்று தனி அட்டையும் வாங்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. நீங்கள் மூன்று பேர் என்றால் கௌட்ரெய்னைவிட ஊபர் மலிவாகக்கூட இருக்கலாம், போட்டுப் பார்.

அதுவே ஜோபர்க்–கேப்டவுன் என்றால் கதை மாறும். பஸ்ஸுக்கு 550, 600 என்று கேட்பார்கள், ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார வேண்டும், வழியில் மூன்று வேளைச் சாப்பாடு பெட்ரோல் பங்க் கடையில். முன்கூட்டி எடுத்தால் விமானம் 900-க்குள் கிடைக்கும். சாப்பாட்டுக் காசையும் மறுநாள் இடுப்பு வலியையும் கூட்டினால் பஸ்தான் விலை அதிகம். ஆக, 600 கிலோமீட்டருக்குள் பஸ், ஆயிரத்துக்குமேல் விமானம். நடுவில் இருக்கிற ஊருக்கு வாய்க்கு வந்தபடி.

7 ஆகஸ்ட் 2019, சாயங்காலம்

ஒரு திருத்தம், நேர்மைக்காக. டர்பன் விமான நிலையம் 2010-இல் ஊருக்கு வடக்கே லா மெர்சிக்கு வந்துவிட்டது. டர்பன் ஊருக்குள்ளிருந்து 35 கிலோமீட்டர். ஆனால் டோங்காட்டிலிருந்து பத்தே கிலோமீட்டர். எனக்கு விமானம் என்றால் பக்கத்து வீட்டுப் பையன் காரில் கொண்டுபோய் விட்டுவிடுவான், பஸ் என்றால்தான் டர்பன் ஊருக்குள் போக வேண்டும். டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் தங்கப்போகிறவனுக்கு என் கணக்கு அப்படியே தலைகீழ். நீ எங்கே தங்குகிறாய் என்பதைக் கேட்காமலே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

9 ஆகஸ்ட் 2019

சாட்ஸ்வொர்த்தில் மனைவியின் சித்தி வீடு என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம், சித்தப்பாவை வரச் சொல். இரவில் போய் இறங்காதே. ஜோபர்க்கில் பஸ் ஏறுவது பார்க் ஸ்டேஷனில். உள்ளே போனபிறகு பயமில்லை, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு பெட்டியோடு நிற்காதே, காரை வாசல்வரை விடச் சொல்.

டிக்கெட் ஆன்லைனில் எடுக்கும்போது நம் ஊர் கார்டு சில சமயம் வேலை செய்யாது. ஷாப்ரைட், செக்கர்ஸ் கடைகளில் மணி மார்க்கெட் என்று ஒரு கவுண்டர் இருக்கும், அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் டிக்கெட்டையும் ரொக்கத்துக்கு வாங்கலாம். முதல் தடவை எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மளிகைக் கடை ரசீது மாதிரி ஒரு சீட்டு, அதைக் காட்டினால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள்.

12 ஆகஸ்ட் 2019

விமானத்தில் மலிவு டிக்கெட்டைப் பார்த்து உடனே அமுக்கிவிடாதே. ஃப்ளைசஃபேர் விமானத்தில் குறைந்த விலையில் வருவது கைப்பை மட்டும், 7 கிலோ. பெரிய பெட்டி போட வேண்டுமென்றால் 20 கிலோவும் சேர்ந்த டிக்கெட்டாக எடுக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தவில் கைப்பை கிடையாது. பலாமரத்தில் குடைந்த உடம்பு, இரண்டு பக்கமும் இரும்பு வளையம், போல்ட்டு நட்டு. தூக்கிக் காட்டினால் கவுண்டரில் இருக்கும் பெண் எழுந்து நின்று பார்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கேப்டவுன் போகும்போது தவிலைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஸ்பேனரை மட்டும் மறந்துபோய்த் தோள்பையில் வைத்திருந்தேன். எக்ஸ்ரேயில் பார்த்ததும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். இங்கே டர்பனில் கடல் காற்றுக்குத் தோல் தளர்ந்தே இருக்கும், உள்நாட்டுக்குப் போனால் காய்ந்து இழுத்துக்கொள்ளும், வலந்தலை (வலது பக்கம்) சுருதி எங்கேயோ போய் நிற்கும். அதற்காகப் பயணத்தின்போது நட்டைத் தளர்த்திவிட்டு, போய்ச் சேர்ந்ததும் முடுக்குவது வழக்கம். ரைலண்ட்ஸில் காலை ஐந்து மணிக்குப் பூஜை, நாயனக்காரர் ஊதிக் காட்டுகிறார், என் கையில் ஸ்பேனர் இல்லை. கோயில் தலைவர் தன் காரின் டிக்கியிலிருந்து வீல் கழற்றுகிற சாவியை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு நட்டுக்கும் சேரவில்லை. அன்று எந்தச் சுருதியில் வாசித்தேன் என்று கேட்காதே.

12 ஆகஸ்ட் 2019, அதே இரவு

விஷயத்தைவிட்டு எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது, ஜோபர்க்குக்கு இரண்டு விமான நிலையம். கிழக்கே ஓ.ஆர். டாம்போ, வடமேற்கே லன்சேரியா. லன்சேரியாவுக்கு 120 ராண்ட் குறைவு என்று ஒரு தடவை எடுத்தேன். எனக்குப் போக வேண்டிய லெனேஷியா ஊருக்குத் தெற்கே. கௌட்ரெய்ன் லன்சேரியாவுக்கு வராது. 120 ராண்ட் மிச்சம் பிடித்து ஊபருக்கு 400-க்குமேல் அழுதேன். சாண்ட்டன்காரனான உனக்கு இரண்டுமே பரவாயில்லை. இருந்தாலும் டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று காட்டும் மூன்று எழுத்தைப் படித்துவிட்டுக் காசைக் கட்டு.

15 ஆகஸ்ட் 2019

மினிபஸ் டாக்சியில் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவோடு வெளியூருக்கு வேண்டாம். ஊருக்குள் நானே போவேன். ஒன்று சொல்லிவைக்கிறேன், முன் சீட்டில் உட்காராதே. பின்னாலிருந்து ஒவ்வொருவரும் காசைத் தோளுக்குமேல் நீட்டுவார்கள், முன் சீட்டுக்காரன்தான் வாங்கி எண்ணி மீதிச் சில்லறை கொடுத்து மொத்தத்தை டிரைவரிடம் சேர்க்க வேண்டும். எனக்கு அது தெரியாது. முதல் வாரம் ஜம்மென்று முன்னால் ஏறி உட்கார்ந்தேன், பதினைந்து பேருக்கும் கண்டக்டர் ஆகிவிட்டேன். நாலு ராண்ட் குறைந்தது, என் பையிலிருந்து போட்டேன். வெளியூர் டாக்சிக்கு நேரம் கிடையாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். எனக்கு முன்னால் ஒரே ஒருவர் ஏறியிருந்த நாளில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன்.

18 ஆகஸ்ட் 2019 (மதுரைக்காரன்)

அண்ணே, எல்லாம் சரி. அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு தூரம் வந்து ரயில் ஏறாமல் போவதா" என்கிறார்கள். அவர்களுக்குப் படுத்துக்கொண்டு போக வேண்டும், கட்டுச்சாதம் எடுத்துப் போக வேண்டும். என்ன செய்ய?

18 ஆகஸ்ட் 2019, இரவு

அம்மா சொன்னால் அப்பீல் ஏது.

சரி, ரயில்தான் என்றால் ஒரே ஒரு வழியில் மட்டும் ஏற்று: கேப்டவுனிலிருந்து ஜோபர்க். டர்பன் ரயிலை விடு. பஸ் எட்டு மணி நேரத்தில் போகிற தூரத்தை அது ஓர் இரவு முழுக்க உருட்டும், பார்க்க வேண்டிய மலையெல்லாம் இருட்டில் போய்விடும். கேப்டவுன் வண்டி படுக்கை வசதியோடு 690 ராண்ட் என்று போன வருடம் கொடுத்தேன். நாலு படுக்கை உள்ள அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம், சாப்பாட்டுப் பெட்டியும் உண்டு. 27 மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருக்கும். அட்டவணை அவர்கள் ஆசை.

இந்த ஊர் ரயில் ஏன் மெதுவாகப் போகிறது என்று டோங்காட்டில் ஒரு ரிட்டையர்டு ரயில்வே தாத்தாவிடம் கேட்டேன். தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர், நம் ஊர் அகலப்பாதை 1,676. மலையைச் சுற்றி வளைத்து வளைத்துப் போட வேண்டியிருந்ததால் குறுகலாகப் போட்டுவிட்டார்கள், அதில் வேகம் எடுக்க முடியாது என்றார். கௌட்ரெய்ன் மட்டும் 160-இல் ஓடுவது அதற்கென்று அகலமாகத் தனிப்பாதை போட்டதால்தான்.

கேப்டவுனிலிருந்து ஏறச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. காலையில் கிளம்பும், அன்று பகலிலேயே ஹெக்ஸ் ரிவர் பள்ளத்தாக்கு வந்துவிடும், இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். அதன்பிறகு 13 கிலோமீட்டருக்குமேல் நீளமான ஒரு சுரங்கம். உள்ளே போகும்போது பச்சை, வெளியே வந்தால் கரூ என்கிற வறண்ட பொட்டல், ஒரு மரம் இருக்காது. அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வை.

19 ஆகஸ்ட் 2019

இதற்கு இன்னொரு நன்மை இருக்கிறது, நேற்று தோன்றவில்லை. இரவு ரயிலில் போய்விடுவதால் மூன்று பேருக்கு ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம். அதையும் கழித்துப் பார்த்தால் விமானத்தைவிட ரயில் இன்னும் மலிவு என்று வருகிறது. முதல் நாள் "சரியில்லை தம்பி" என்று எழுதினேனே, அதைக் கொஞ்சம் மெதுவாகப் படித்துக்கொள்.

ஆனால் மறுநாளே வேலைக்குப் போவதாகக் கணக்குப் போடாதே. நடுவில் ஒரு நாள் சும்மா விடு.

3 அக்டோபர் 2019 (மதுரைக்காரன்)

வந்துவிட்டோம் அண்ணே. 27 மணி நேரம் 33 ஆனது. டி ஆர் ஸ்டேஷன் தாண்டி ஓர் இடத்தில் காரணமே சொல்லாமல் நாலு மணி நேரம் நின்றது. நானும் மனைவியும் போனைப் பார்த்துப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தோம். அம்மா புளியோதரையைப் பக்கத்து அறையிலிருந்த ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் கொடுத்து, அவர்கள் கொடுத்த ஸ்கோனை வாங்கிச் சாப்பிட்டு, ஒரு வார்த்தை பாஷை தெரியாமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். டேபிள் மவுண்டனைப் பற்றி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, ரயிலைப் பற்றித்தான் பேச்சு.

டர்பன் பஸ் அருமை. நீங்கள் சொன்னபடி லக்கேஜ் டிக்கெட் எடுக்காமல் விட்டேன், கவுண்டரில் தண்டம் கட்டினேன்.

3 அக்டோபர் 2019

நான் சொன்னது எடுக்கச் சொல்லி.

20 ஜூன் 2022

யாரோ இந்தப் பழைய பேச்சைப் படித்துவிட்டு அதே விலையை நம்பிக் கிளம்பியிருக்கிறார்கள், போன் வந்தது. அதனால் எழுதுகிறேன்: மேலே இருப்பதில் பாதி செத்துப்போன தகவல்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் வெளியூர் ரயில் நின்றது. ஊரடங்கில் காவல் இல்லாத ஸ்டேஷன்களில் மின்கம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை, திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் பழைய மாதிரி இன்னும் வரவில்லை. கிரேஹவுண்ட் பஸ் 2021 பிப்ரவரியில் மூடிவிட்டு, இப்போது மறுபடி அதே பெயரில் ஓடுகிறது. மாங்கோ விமானம் போன ஜூலையில் நின்றது. இந்த மாதம் காமேர் விமானக் கம்பெனி போயிற்று, அதோடு பச்சைக் கலர் குலுலாவும். இத்தனை விமானம் ஒரே நாளில் இல்லாமல்போனால் மீதி இருக்கிற டிக்கெட் என்ன விலை விற்கும்? போன வாரம் கேப்டவுனுக்குப் பார்த்தேன், 2,300. 2019-இல் 900. பெட்ரோலும் ஏறியிருக்கிறது என்பது வேறு.

ஆகவே "ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் விமானம்" என்று நான் பெரிய இவன் மாதிரி எழுதியது இன்றைக்குச் செல்லாது. இந்த மாதம் மலபார் கோயிலுக்கு, அதாவது இப்போது கெபேஹா என்று பெயர் மாற்றிய போர்ட் எலிசபெத்துக்கு, பஸ்ஸில்தான் போனேன். டிரான்ஸ்கை வழியாகப் பதினைந்து மணி நேரம். ரோட்டில் மாடு படுத்திருந்தால் மாடு எழுந்திருக்கும்வரை பஸ் நிற்கும்.

ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலிருந்து கேட்டோ ரிட்ஜ் வரை தண்டவாளத்தையே மண்ணோடு அடித்துக்கொண்டு போயிற்று. சரக்கு ரயிலே நின்றுபோனது, ஜனங்கள் ரயிலை யார் கேட்பது.

21 ஜூன் 2022

மாறாதது ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு விலை கேட்காதே. மவுண்ட் எட்ஜ்கோம்பில் புனித வெள்ளியன்று மாரியம்மன் திருவிழா, நம் ஜனம் நாடு முழுவதிலிருந்தும் டர்பனுக்கு வரும். அதே நாட்களில் சீயோன் சபைக்காரர்கள் லட்சக்கணக்கில் பொலோக்வானே பக்கம் மோரியாவுக்குப் போவார்கள், வாடகை பஸ்ஸெல்லாம் அங்கே போய்விடும். ஜனவரியிலேயே எடுத்துவிட வேண்டும். டிசம்பர் 16 லீவுக்கும் அப்படித்தான்.

24 செப்டம்பர் 2024

பஸ்ஸைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதியவனுக்கு இது வேண்டும்.

வெள்ளிக்கிழமை 20-ஆம் தேதி மத்தியானம் டர்பனில் பஸ் ஏறினேன். மறுநாள் புரட்டாசி முதல் சனி, லெனேஷியாவில் பெருமாளுக்கு வாசிக்க வேண்டும். விமானம் பார்த்தேன், 400 ராண்ட் அதிகம், வேண்டாம் என்று விட்டேன். வான் ரீனன் கணவாய் ஏறும்போது இருட்டிவிட்டது, கண்ணாடியில் ஏதோ பஞ்சு மாதிரி ஒட்டியது. டிரைவர் மெதுவாக்கினார், அப்புறம் நிறுத்தினார். முன்னால் லாரி, பின்னால் லாரி, நடுவில் நாங்கள். விடியும்போது டயர் பாதி வரை பனி.

டீசல் தீர்ந்துவிடும் என்று மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டும் இன்ஜினைப் போட்டு ஹீட்டர் விட்டார். எனக்குத் தவில் பயம். கீழே லக்கேஜ் அறையில் இரும்பெல்லாம் பனிக்கட்டியாகக் கிடக்கும். கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்து மேலே கொண்டுவந்து என் வேட்டி, துண்டு, கோயிலில் கட்ட வைத்திருந்த பட்டு எல்லாவற்றையும் சுற்றினேன். பக்கத்து சீட்டு ஜூலு பாட்டி அதைத் தொட்டுப் பார்த்து, குழந்தையா என்று கேட்டார். பிரித்துக் காட்டினேன். வாசி என்றார். விரல் விறைத்துப்போய்க் கூடு மாட்ட முடியவில்லை, இடது பக்கம் கழியால் மட்டும் ஒரு ஆதி தாளம் தட்டினேன். பின்னாலிருந்து இரண்டு பேர் கை தட்டினார்கள். தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடும், நிறுத்து என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை பெருமாளுக்கு யார் வாசித்தார்களோ தெரியாது. நான் பார்க் ஸ்டேஷனில் இறங்கியது ஞாயிறு சாயங்காலம்.

24 செப்டம்பர் 2024, பின்குறிப்பு

ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவந்தது நம் மதுரைக்காரன்தான். இப்போது அவனுக்கு லோன் போட்டு ஒரு கார் இருக்கிறது, பஸ் ரயில் எதுவும் கேட்பதில்லை. வண்டியில் ஏறியதும் ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவைக் காட்டினான். அவர்கள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் ஏன் ரயிலில் வரவில்லை.

26 செப்டம்பர் 2024

திரும்பிப் போவதற்கு விமானம் எடுத்திருக்கிறேன், 1,150 ராண்ட், 20 கிலோ பெட்டியோடு. அவன் வீட்டுக் குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் தவிலும் உறையும் துணியும் சேர்த்து 21. பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொள்கிறேன். ஸ்பேனர் உள்ளே போயாகிவிட்டது.